கார் ஷெட்டுக் கதவின் உட்பக்கம்

எங்கள் வீட்டுச் சுவர் ரத்தம் கக்குகிறது என்று நான் நம்பினேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் அப்புறம் நீங்கள் சிரிக்கும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கம் குறையும்.

பேய், பிசாசு, ஏவல், பில்லி எதையும் அதற்கு முன் நம்பியவனில்லை நான். நம்பாததோடு நிற்காமல் நம்புகிறவர்களைப் படுத்தி எடுத்தவன். ஆரணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தேன், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் அதே மைக், அதே ஆம்ப்ளிஃபயர். ஒருமுறை சுடுகாட்டு வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, அந்த வழியாகப் போன பால்காரரைப் பேர் சொல்லி "ஒரு ஆழாக்கு ஊத்திட்டுப் போப்பா" என்று கேட்டேன். மனுஷன் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பால் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

எழுபதுகளின் கடைசி. என் மாமனார் பட்டு முதலாளி. அவரிடம் தறி ஓட்டுகிறவர்கள் அவரைக் கண்டால் தோளிலிருந்து துண்டை எடுப்பார்கள். நான் மாப்பிள்ளை என்பதால் துண்டே போடுவதில்லை, எடுக்கிற வேலை மிச்சம். அந்த வருடம் அவர் புதுக் கார் வாங்கினார். பழைய பச்சைக் காரை இரண்டு மாப்பிள்ளைகளில் ஒருவருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தார். ஒரு மாப்பிள்ளை நான். இன்னொருவர் என் சகலை, தெள்ளாரில் வாத்தியார், சம்பளம் மாதம் பிறந்தால் வந்துவிடும், அதனால் சிரிப்பும் மாதம் முழுக்க இருக்கும்.

"சும்மா தூக்கிக் குடுக்கமாட்டேன்" என்றார் மாமனார் எங்கள் இருவரையும் உட்காரச் சொல்லாமலே. "வெயில்லயும் மழையிலயும் நிக்க வெச்சி, ஆட்டுக்குட்டி மேல ஏறி வெளையாடினு இருந்தா என் மானம் பூடும். எவன் ஒழுங்கா ஒரு ஷெட்டு ரெடி பண்ணிக் காட்றானோ அவன் வூட்டுக்கு வண்டி வரும். வெள்ளிக்கெழம சாயங்காலம் மொதல்ல ஆரணில பாக்கறேன். சரியில்லன்னா நேரா தெள்ளாருக்கு."

சகலை சிரித்தார். அவர் வீட்டில் சிமென்ட் ஷீட் போட்டு ஷெட் ஏற்கெனவே தயாராக இருந்தது, கேள்வித்தாளை அவரே போட்ட மாதிரி.

எனக்கு அந்தக் கார் எதற்கு என்று கேட்பீர்கள். நான் சாமான்களைச் சுமந்த லட்சணம் அப்படி. தேவிகாபுரம் திருவிழா என்றால் ஸ்பீக்கரை பஸ் கூரையில் ஏற்றிக் கண்டக்டரிடம் திட்டு வாங்க வேண்டும், பக்கத்துத் திருமலை கிராமத்தில் கல்யாணம் என்றால் மாட்டு வண்டி, மழை வந்தால் ஆம்ப்ளிஃபயருக்கு என் வேட்டி. ஒரு கார் இருந்து அதன் தலையில் இரண்டு குழாயைக் கட்டிவிட்டால் அடுத்த தேர்தலில் ஆரணி வட்டாரத்தில் எந்தக் கட்சி வாயைத் திறந்தாலும் அது என் வாயாகத்தான் இருக்கும். அதோடு, ஊர் என்னை 'முதலாளி வூட்டு மைக்செட்டு' என்று கூப்பிடுவதை நிறுத்தும்.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு நீளக் கொட்டகை இருந்தது. வீடு, கொட்டகை இரண்டுமே மாமனார் என் மனைவி சரோஜாவுக்குக் கல்யாணத்தின்போது எழுதிக் கொடுத்தவை. மாமனார் குடும்பத்தார் பஜார் பக்கம் பெரிய வீடு கட்டிப் போவதற்கு முன் இங்கேதான் இருந்தார்கள், இந்தக் கொட்டகைதான் அவருடைய சாயப்பட்டறை. கனமான சுவர், கூரைக்கடியில் ஒரு சின்ன ஓட்டை ஜன்னல், சந்து பக்கமாக ஒரு பெரிய பலகைக் கதவு. வெளியே மட்டும் முழங்கை கனத்துக்கு இரும்புத் தாழ்ப்பாள், உள்ளே ஒன்றுமில்லை. திருட்டுப் பயம் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே தாழ்ப்பாள் இல்லாத திருட்டுப் பயம் எப்படி என்று யோசிக்கிற மூளை அன்று எனக்கு லீவில் இருந்தது.

உடைந்த ராட்டைகள், ஓட்டை விழுந்த சாய அண்டா, எலி கடித்த நூல் கழிகள் எல்லாவற்றையும் வெளியே வாரிக் கொட்டினேன். சுவருக்கு வெள்ளை அடித்தேன். ஒரு பக்கம் நீளப் பலகை அறைந்து ஸ்பேனருக்கு ஓர் ஆணி, ஜாக்கிக்கு ஓர் ஆணி, காற்றடிக்கும் பம்புக்கு ஓர் ஆணி என்று எல்லாவற்றுக்கும் இடம் வைத்தேன். ஸ்பேனரும் ஜாக்கியும்தான் இல்லை. இரண்டு ட்யூப் லைட். அதுவும் போதாமல் கல்யாணத்துக்குக் கட்டுகிற சீரியல் பல்புகளைக் கூரை ஓரமாக ஓடவிட்டேன், சிவப்பு பச்சை என்று கண்ணடிக்கும். கார் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிவதற்காக நடுவில் நூல் கட்டி ஓர் எலுமிச்சம்பழத்தைத் தொங்கவிட்டேன், முன் கண்ணாடி அதில் இடித்தால் நிறுத்தி விடலாம். பக்கத்து வீட்டுக்காரர் "நாத்திகர் வூட்லயும் எலுமிச்சம்பழமா?" என்றார். "திருஷ்டிக்கு இல்லைங்க, பிரேக்குக்கு" என்றேன்.

கார் இல்லாததால் சரோஜா கையில் முறத்தைக் கொடுத்து ஸ்டீயரிங்காகப் பிடிக்கச் சொல்லி உள்ளே நடக்க வைத்தேன்.

"கொஞ்சம் லெப்டுல ஒடி. ஹாரன் அடி, ஹாரன் அடி."

"அடிச்சா ஹாரன அடிக்கமாட்டேன், உங்களத்தான் அடிப்பேன். அரிசி புடைக்கணும், முறத்தக் குடுங்க ஜல்தி."

மறுநாள் காலையில்தான் சுவர் கக்கியது.

வெள்ளைச் சுவரில் இளஞ்சிவப்பாகக் கை. ஒன்றல்ல, அங்கங்கே பல. விரல் விரலாக. கத்தினேன் என்று நான் சொல்லமாட்டேன், தொண்டையிலிருந்து ஒரு சத்தம் அதுவாக வெளியே போனது. இன்னொரு பூச்சு அடித்தேன், சாயங்காலத்துக்குள் இன்னும் நன்றாகச் சிவந்தது. சுண்ணாம்பில் நீலத்தைக் கலந்து அடித்தேன், கைகள் கத்தரிப்பூ நிறத்தில் வந்தன. கோழி காவு கொடுக்காமல் ஆணி அடித்ததால் சுவர் ரத்தம் கக்குகிறது என்று, நான், சுடுகாட்டில் ஸ்பீக்கர் கட்டியவன், முடிவுக்கே வந்துவிட்டேன். கோழி என்ன விலை என்றுகூட விசாரித்தேன்.

சரோஜா வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"சாயப்பட்டற செவுத்துக்கு சுண்ணாம்பு அடிச்சா ஈரத்துல சாயம் மேல வரும்னு எங்க ஊரு கழுதைக்குக் கூட தெரியும். வந்தவாசிலேர்ந்து வந்த மாப்பிள்ளைக்குத் தெரியாது. சாயம் போட்றவங்க கையத் துடைச்ச எடம் அது. இதுக்கா தெருவையே கூட்டினீங்க?"

அறிவு ஒப்புக்கொண்டது. வயிறு ஒப்புக்கொள்ளவில்லை. யாருக்கும் தெரியாமல் கைக்கடிகாரத்துக்கு அடியில் ஒரு கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டேன். கடிகாரம் ஓடாது, கயிற்றை மறைக்கத்தான்.

அடுத்து கதவு. உட்பக்கம் வெள்ளை பெயிண்ட் அடித்தேன், அதிலும் வந்தது. சுவரில் அங்கங்கே என்றால் கதவில் ஒன்றின் மேல் ஒன்று, மேலேயிருந்து கீழே வரை, கீழே போகப் போக நெருக்கமாக. உள்ளங்கை மட்டுமில்லை. முஷ்டியின் ஓரம் பட்ட தடம் நிறைய.

"ஏண்டி, கையத் துடைக்கிறவன் முஷ்டியாலயா துடைப்பான்?" என்று கேட்டேன்.

எப்போதும் பதில் வைத்திருக்கிறவள் அன்று கதவைப் பார்த்தாள். "கொழம்பு கொதிக்குது" என்று போய்விட்டாள். அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்காலம்தானே வருகிறார் என்று உச்சிப் பொழுதில் கடைசி வேலையாகத் தரைக்கு சிவப்பு ஆக்சைடு கலந்த சிமென்ட் பூசிக்கொண்டிருந்தேன். மூலையில் குந்தியிருந்தேன், இரண்டு கையும் முழங்கை வரை சிவப்பு. ஈரத் தரையில் ஆடு வந்து மிதிக்காமலிருக்கக் கதவைப் பாதி ஒருக்களித்து வைத்திருந்தேன்.

முதலில் கரண்ட் போனது. அந்த நாட்களில் மத்தியானம் கரண்ட் போவது சூரியன் வருகிற மாதிரி, யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. என் சீரியல் பல்புகள் கடைசியாக ஒரு கண் அடித்துவிட்டு அணைந்தன. வெளியிலிருந்து வந்த வெளிச்சத்தில் வேலையைத் தொடர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த வெளிச்சமும் குறுகிக்கொண்டே வந்து நின்றது. கதவு மூடிக்கொண்டது. அப்புறம் 'டக்'. இரும்பு இரும்பில் விழுகிற சத்தம்.

"யாருங்க?" என்றேன். காலடிச் சத்தம் இருந்ததா என்றால், தெரு முழுக்கக் கைத்தறி ஓடிக்கொண்டிருந்தது, அந்த டடக் டடக்கில் யானை நடந்தாலும் கேட்காது.

கதவைத் தள்ளினேன். அசையவில்லை. தட்டினேன். குத்தினேன். சரோஜாவைக் கூப்பிட்டேன். சமையல்கட்டு வீட்டின் அந்தக் கோடியில். ஊருக்கே சத்தத்தை வாடகைக்கு விடுகிறவன், என் சொந்தக் குரல் என் சொந்தச் சமையல்கட்டுக்குப் போய்ச் சேரவில்லை. பழக்க தோஷம், நடுவில் "ஹலோ, ஹலோ" என்றுகூடக் கத்தினேன். முருகனைக் கூப்பிட்டேன், மாரியாத்தாளைக் கூப்பிட்டேன், வேளாங்கண்ணி மாதாவைக் கூப்பிட்டேன், அவரவர் திருவிழாவுக்கு மைக் கட்டிய பாக்கியைத் தள்ளுபடி செய்வதாகச் சொன்னேன். ஒருத்தரும் வரவில்லை. மேலே ஓடு கொதித்தது. புது பெயிண்ட் நாற்றம், சுண்ணாம்பு நாற்றம், மூச்சை இழுத்தால் பாதி வழியில் நின்றது. ஓட்டை ஜன்னல் வழியாக விழுந்த கொஞ்சூண்டு வெளிச்சம் நேராகக் கதவின் மேல்தான் விழுந்தது. அந்தக் கைகளின் மேல் என் கைகளை வைத்துத்தான் நான் குத்திக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. குத்திக் குத்திக் கை மரத்துப் போய்க் கதவோடு சரிந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்தக் குரல்.

பக்கத்தில். என் தோளுக்குக் கீழே, ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிற ஓர் ஆள் பேசுகிற உயரத்தில். சினிமாப் பேய் மாதிரி இழுத்துப் பேசவில்லை, சிரிக்கவில்லை. பஸ்ஸுக்கு ரொம்ப நேரமாக நிற்கிறவன் புதிதாக வந்தவனிடம் சொல்கிற மாதிரி சாதாரணமாக:

"கத்தாதப்பா. தொண்ட வத்திடும். மொதலாளி சாப்ட்டு, ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சாதான் தொறப்பாரு."

நான் காலை மடக்கிக் கதவோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன்.

"கதவுக்கு அடியில காத்து வரும்" என்றது குரல். "மூஞ்சிய அங்க வெச்சிக்கோ."

வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது? ஈரச் சிமென்டில் கன்னத்தை அழுத்திப் படுத்தேன். கதவுக்கும் தரைக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. அதில் காற்று வந்தது. தெருப் புழுதி வாசனையோடு, யார் வீட்டிலோ வறுத்த கருவாட்டு வாசனையோடு காற்று வந்தது. என் வேட்டியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது நனைந்திருந்தது, வியர்வைதான் என்று எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது.

அப்புறம் 'டக்'. கதவு திறந்து வெயில் கண்ணில் குத்தியது. வாசலில் மாமனார். பல்லிடுக்கில் குச்சியை விட்டுக் குடைந்துகொண்டு, முகத்தில் பாயின் கோடுகள் பதிந்திருக்க.

"இன்னா மாப்ள இது வேசம்? மூஞ்செல்லாம் செவப்பா, சாமி வந்துச்சா?"

என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். பூசிய தரை முழுக்க நான் புரண்ட தடம். கதவின் உட்பக்கம் என் கைகள், புதுச் சிவப்பில், பழையவற்றின் மேல்.

"செவுத்துலயும் கதவுலயும் கைய வெக்கறதே பொழப்பு உங்களுக்கெல்லாம். எத்தினி தரம் சொன்னாலும் ஏறாது."

உங்களுக்கெல்லாம் என்றார். அங்கே நான் ஒருத்தன்தான் இருந்தேன்.

"பட்டப்பகல்ல ஒரு ரூமுல அரை நாழி இருக்க துப்பு இல்ல, இப்பிடி புழுவாட்டம் நெளிஞ்சினு கெடக்கறீங்க. உங்கள நம்பி வண்டிய உட்டா அதும் தலையில கொழாயக் கட்டி ஊரு சிரிக்க வெப்பீங்க. தெள்ளாருக்கே பூடட்டும், அவன் பேஜார் இல்லாத மனுசன்."

போகும்போது, தொங்கிக்கொண்டிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிய்த்து, முகர்ந்து பார்த்து, மடியில் செருகிக்கொண்டார். அவ்வளவுதான் என் கார்.

அன்று பொழுது சாய்கிற நேரம், கிணற்றடியில் சரோஜா என் கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துச் சிவப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

"ஏழுமலைன்னு ஒருத்தரு இருந்தாரு. சாயம் போட்றதுல அவரு கை மாதிரி யாருக்கும் வராது. ஆனா குடிப்பாரு. பாதில உட்டுட்டு குடிக்கப் பூடுவாருன்னு அப்பா வெளிய தாழ்ப்பா போட்டுட்டு வந்துதான் சாப்ட ஒக்காருவாரு. தெனமும் அப்டிதான். நல்ல சித்திர மாசம். உள்ள அண்டாவுக்கு அடுப்பு எரிஞ்சினு இருந்துச்சி."

"ம்."

"நானு சின்னப் பொண்ணு. சத்தம் கேட்டுச்சி. உள்ள ஆணி அடிக்கறாருன்னு நெனச்சேன். அப்பா தூங்கினு இருந்தாரு. தூக்கத்துல எழுப்புனா பெல்ட்ட எடுப்பாரு." என் விரலிடுக்கில் எண்ணெயை விட்டுத் தேய்த்தாள். "அப்பா எந்திரிச்சிப் போய்த் தொறந்தப்ப, கதவுக்கு அடியில மூஞ்சிய வெச்சினு கெடந்தாரு. ஊருல நெஞ்சுவலின்னு சொன்னாங்க. அவரு பொண்டாட்டிக்கு அப்பா ஒரு புடவ குடுத்தாரு. அவரு போட்ட சாயம்தான் அது, அரக்கு."

என் கன்னத்தில் சிமென்ட் இன்னும் போகாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கி நான் குத்தன சத்தம் கேக்கலியா உனக்கு?"

"கேட்டுச்சி."

"அப்புறம்?"

"ஆணி அடிக்கறீங்கன்னுதான்…" என்றாள். கைத்துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

சாயத்துக்குக் காரணம் இருக்கிறது, ஈரம். ஷெட்டில் இப்போது என் ஸ்பீக்கர்கள்தான் இருக்கின்றன. தாழ்ப்பாளை அன்றே கழற்றிக் கிணற்றில் போட்டுவிட்டேன், கதவு ராத்திரி பகல் திறந்தே கிடக்கிறது, ஆடுகள் உள்ளே போய்ப் படுக்கின்றன, படுக்கட்டும். ஐப்பசி மழையில் கதவு ஊறும்போது கைகள் இன்றும் மேலே வருகின்றன, அவருடையதும் என்னுடையதும். எது யாருடையது என்று என்னால் பிரிக்க முடிவதில்லை, அளவு ஒன்றுதான். அதைக்கூடத் தாங்கிக்கொள்கிறேன். தாங்க முடியாதது வேறு: மாமனார் அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்பதே உள்ளே இருந்த எனக்குத் தெரியாது. அந்தக் குரலுக்குத் தெரிந்திருந்தது. சூட்டில் மூளை கலங்கியது என்று டாக்டர் சொல்லுவார், நீங்களும் சொல்லுவீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். சரோஜாவிடம் நான் இதுவரை அந்தக் குரலைப் பற்றிச் சொல்லவில்லை.

நடந்தது என்னவென்று அவள்தான் கிணற்றடியில் சொல்லி முடித்தாள். பேய் எதுவும் தாழ்ப்பாள் போடவில்லை. சாயங்காலம் வருகிறேன் என்ற மாமனார், ஏதோ வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதென்று உச்சியிலேயே குடையைப் பிடித்துக்கொண்டு சந்து வழியாக வந்தார். ஷெட்டுக் கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே கை சிவந்த ஓர் ஆள் குந்தி வேலை செய்துகொண்டிருந்தான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். கை தானாகப் போட்டுவிட்டது, பழைய பழக்கம் என்று முகம் கழுவும்போது மகளிடம் சொல்லிச் சிரித்தாராம். சிரித்தது பிறகு. அதற்கு முன்னால் வீட்டுக்குள் வந்து என் பங்குக் கருவாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டார், என் பாயில் ஒரு தூக்கம் தூங்கினார், எழுந்து வந்து திறந்தார்.